கர்நாடக இசைப் பதிவுகள்: குறுந்தகடா, ஸ்ட்ரீமிங்கா? கடலோரத்தில் இருப்பவர்கள் கருத்துச் சொல்லவும்

சேதுக்கரை வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் வீட்டுப் பீரோவின் இரண்டு தட்டுகள் நிறையக் கர்நாடக இசைக் குறுந்தகடுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை 1990களின் பிற்பகுதியிலிருந்து, சென்னைக்குப் போகும் போதெல்லாம் மார்கழிக் கச்சேரி அரங்குகளின் வாசலிலும் மயிலாப்பூர்க் கடைகளிலும் வாங்கியவை. மற்றவை, வானொலிக் கச்சேரிகளை ஒலிநாடாவில் பிடித்து வைத்திருந்து, பின்னர் நண்பர் ஒருவரின் கணினியில் எழுதி வாங்கிய சிடி-ஆர் தகடுகள்.

என் பிளேயர் இப்போது தகட்டை உள்ளே இழுத்துக்கொண்டு சற்று நேரம் சுழற்றிப் பார்த்துவிட்டு, தகடே இல்லை என்று காட்டுகிறது. புதிய பிளேயர் வாங்கலாம் என்றால் இராமநாதபுரத்தில் எந்தக் கடையிலும் அந்தப் பேச்சே இல்லை. என் மகனோ, "எல்லாம் செயலியிலேயே இருக்கிறது அப்பா, இந்தத் தகடுகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்கிறார். அவர் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்து, நான் கேட்ட பாடகர்களில் பலரை நொடியில் எடுத்தும் காட்டினார். ஆனால் கேட்கும்போது ஒலி மெலிந்து, தம்பூரா எங்கோ போய்விட்டது போலத் தோன்றியது. இது செயலியின் குறையா, என் மனத்தின் பழக்கமா என்று தெரியவில்லை. உப்புக்காற்றில் குறுந்தகடுகள் எவ்வளவு காலம் தாங்கும் என்பதையும், மகன் சொல்வது போல உண்மையிலேயே எல்லாம் செயலியில் இருக்கிறதா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கீழக்கரை எழுதியது:

ஐயா, உங்கள் மகன் சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. வளைகுடாவில் வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் நாதஸ்வரத்தைக் குறுந்தகட்டில்தான் கேட்டேன். ஊர் திரும்பிய பிறகு சந்தா கட்டிச் செயலிக்கு மாறினேன்; இதுவரை வருந்தவில்லை.

ஒலித்தரத்தைப் பற்றிய கணக்கு இதுதான். குறுந்தகட்டில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட்டில் பதியப்படுகிறது. இடம், வலம் இரண்டையும் சேர்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் வரும். செயலிகள் சந்தாதாரருக்குத் தரும் வழக்கமான உயர்தரம் 256 அல்லது 320 கிலோபிட். நான்கில் ஒரு பங்குகூட இல்லையே என்று பதற வேண்டியதில்லை. எம்பி3, ஏஏசி, ஆக் வோர்பிஸ் போன்ற சுருக்க முறைகள், உரத்த ஓர் ஒலியின் நிழலில் மறைந்து நம் காது எப்படியும் பிடிக்காத நுண்ணொலிகளைத்தான் முதலில் கழிக்கின்றன. நாதஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானா அவர்களின் ஒரே பதிவைத் தகட்டிலும் 320 கிலோபிட்டிலும் மாற்றி மாற்றி வைத்து, எது எது என்று பாராமல் கேட்டபோது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 96 கிலோபிட்டுக்குக் கீழே இறக்கினால் நிலைமை வேறு. தவிலின் தெறிப்பு மழுங்குகிறது. ஜாலராவின் ஓசை நீரில் விழுந்தது போல் குழைகிறது. உங்கள் கைப்பேசியில் தரத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கும்படி விட்டிருந்தால், நம் பகுதிச் சிக்னலுக்கு அது பெரும்பாலும் தாழ்ந்த தரத்தையே தேர்ந்தெடுக்கும். அமைப்புகளுக்குள் போய் உயர்தரத்தை நிலையாக வைத்துவிட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள்.

இழப்பே இல்லாத தரத்தைத் தரும் செயலிகளும் வந்துவிட்டன. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூன் முதல் தனிக்கட்டணம் இல்லாமலே அதைத் தருகிறது. ஆகவே தகடுதான் உயர்ந்தது என்ற வாதம் ஒலித்தரத்தைப் பொறுத்தவரை முடிந்துபோன வழக்கு.

ஒன்று கேட்க மறந்தேன். செயலியை எதன் வழியாகக் கேட்டீர்கள்?

சேதுக்கரை வாசி எழுதியது:

மகன் வாங்கித் தந்த சிறிய புளூடூத் ஒலிபெருக்கியில் கேட்டேன். குறுந்தகட்டைக் கேட்பது கூடத்தில் இருக்கும் பழைய ஆம்பிளிஃபயரிலும் மரப்பெட்டி ஸ்பீக்கர்களிலும்.

கீழக்கரை எழுதியது:

அப்படியானால் ஒப்பீடே செல்லாது, ஐயா. அந்தச் சிறிய ஒலிபெருக்கிகளில் பல, இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கித் தருபவை. தம்பூராவின் அடி நாதத்தை எழுப்பும் அளவுக்கு அவற்றில் இடமும் இல்லை. போதாக்குறைக்கு, செயலி ஒருமுறை சுருக்கி அனுப்பியதைப் புளூடூத் இன்னொரு முறை சுருக்குகிறது. கைப்பேசியிலிருந்து கம்பி வழியாக அதே ஆம்பிளிஃபயருக்குக் கொடுத்துக் கேட்ட பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

மண்டபம் ரேடியோ கடை எழுதியது:

ஒலித்தரத்தில் கீழக்கரை அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நான் பழுதுபார்ப்பவன், உப்புக்காற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தகடு கெடுவதும் பிளேயர் கெடுவதும் வேறு வேறு. நம் கடற்கரையில் முதலில் கெடுவது பிளேயர்தான். தகட்டைப் படிக்கும் லேசரின் முன்னால் உளுந்து அளவில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதன் மேல் காற்றில் வரும் ஈரமும் உப்பும் தூசியும் சேர்ந்து மெல்லிய படலமாகப் படிந்துவிடும். தகடு சுழன்றும் "தகடு இல்லை" என்று காட்டுவதற்கு முதற்காரணம் பெரும்பாலும் இந்தப் படலம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் அழுத்தாமல் துடைத்தாலே சில பிளேயர்கள் எழுந்துவிடும். அதிலும் சரியாகவில்லை என்றால் லேசர் தேய்ந்திருக்கலாம். கேஎஸ்எஸ்-213 போன்ற பரவலாகப் பயன்பட்ட லேசர் பாகங்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கின்றன, போலிகளும் கிடைக்கின்றன. பின்புறம் ஒலிக்கம்பி செருகும் இடங்களையும் பாருங்கள். அங்கே பச்சை பூத்திருந்தால் ஒரு பக்க ஒலி விட்டு விட்டு வரும். அதைச் செயலியோடு ஒப்பிட்டுக் குறை சொல்லிப் பயனில்லை.

தகட்டைப் பற்றி மக்களுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மின்னும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்துவிட்டு, அச்சிட்ட மேற்பக்கத்தை மேசையில் தேய்ப்பார்கள். தகட்டின் கனம் 1.2 மில்லிமீட்டர், அதில் ஏறத்தாழ முழுவதும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். ஒலியைத் தாங்கும் அலுமினியப் படலம் மேற்பக்கம் அச்சு மைக்கும் மெல்லிய அரக்குப் பூச்சுக்கும் அடியில்தான் இருக்கிறது. ஆகவே மேலே விழும் கீறல் நேராக இசையையே சுரண்டும். கீழே விழும் சிறு கீறலைப் பிழைதிருத்தும் முறை பெரும்பாலும் சமாளித்துவிடும். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். தடத்தின் போக்கிலேயே நீளமாக விழும் கீறலைத் திருத்துவது கடினம்.

அரக்குப் பூச்சு சரியாக அடையாத விளிம்பின் வழியே ஈரம் நுழைந்தால் அலுமினியம் வெளுத்துப்போகும். தகட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியது போல ஒளி தெரிந்தாலோ, ஓரத்தில் மங்கிய வளையம் தெரிந்தாலோ அது தொடங்கிவிட்டது என்று பொருள். குறுந்தகட்டில் பதிவு நடுவில் தொடங்கி விளிம்பில் முடியும். ஆகவே 70 நிமிடத்துக்கு மேல் நிரப்பிய கச்சேரித் தகட்டில் முதலில் போவது முடிவில் பாடும் சிறு பாடல்களான துக்கடாவும் மங்களமும். தொடக்கத்தில் பாடும் வர்ணம் கடைசி வரை பிழைத்திருக்கும். (என்னிடம் வரும் சிலர் "மெயின் உருப்படி போகவில்லையே, அது போதும்" என்று சமாதானம் ஆகிவிடுகிறார்கள்.)

சிடி-ஆர் தகடுகளின் கதை வேறு. அவற்றில் பதிவு இருப்பது கரிமச் சாயத்தில். வெயிலும் வெப்பமும் அதற்கு எமன். வானொலிக் கச்சேரிகளை அவற்றில் வைத்திருப்பதாக ஐயா எழுதியிருக்கிறார்; மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவற்றை முதலில் பிரதி எடுங்கள். காகித வில்லை ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். பூச்சும் சேர்ந்து வந்துவிடும்.

தொண்டி வாய்ப்பாட்டு ஆசிரியை எழுதியது:

ஒலித்தரம் முடிந்துபோன வழக்கு என்று கீழக்கரை அண்ணன் எழுதியிருப்பதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் நம் இசையைப் பொறுத்தவரை வழக்கு அங்கே தொடங்கவே இல்லை என்பது என் எண்ணம். ஒரு கச்சேரிப் பதிவு என்பது ஒலி மட்டும் அன்று. யார் பாடினார், யார் வயலின், யார் மிருதங்கம், கஞ்சிராவா கடமா, எந்த ஆண்டு, எந்த இடம், எந்த இராகம், எந்தத் தாளம், யார் இயற்றியது என்பவை எல்லாம் சேர்ந்ததுதான் பதிவு. குறுந்தகட்டின் உள்ளே மடித்து வைத்த சிறு தாளில் இவை இருந்தன. செயலியில் பெரும்பாலும் இல்லை.

நாள்தோறும் என் மாணவிகளோடு நான் காண்பதை எழுதுகிறேன். காம்போதி இராகத்தைத் தேடச் சொன்னால், ஆங்கில எழுத்தில் அதை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஓர் எழுத்து மாறினால் பாதிப் பதிவுகள் கண்ணில் படுவதில்லை. இராகத்தின் பெயர் சில இடங்களில் பாடலின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, சில இடங்களில் இல்லவே இல்லை. கலைஞர் என்ற கட்டத்தில் ஒரு தொகுப்பில் பாடகரும், இன்னொன்றில் தியாகராஜரும், மூன்றாவதில் இருவருமே இடம்பெறுகிறார்கள். தியாகராஜ சுவாமிகள் 1847இல் மறைந்தவர். அவர் குரலில் ஓர் இசைத்தொகுப்பு இருப்பதாக என் மாணவி ஒருத்தி கள்ளம் இல்லாமல் என்னிடம் வந்து சொன்னாள். சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் அந்தக் கட்டத்தில் வயலின் வாசித்தவர் பெயர் எங்குமே இல்லை என்பது சிரிப்பதற்கு உரியது அன்று. பாடகர் சொற்கள் இல்லாமல் இராகத்தை விரிக்கும் ஆலாபனைக்குப் பின் வயலின்காரர் தனியாக ஐந்து நிமிடம் வாசிக்கிறார், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் பத்து நிமிடம் கச்சேரியையே தாங்குகிறார். அவர்கள் பெயர் தெரியாமல் கேட்பதைக் கேட்டது என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று, கச்சேரியைத் துண்டாக்குவது. இராகம், தானம், பல்லவி மூன்றும் ஒரே உருப்படி. அதை மூன்று தடங்களாக வெட்டி ஏற்றுகிறார்கள். செயலியில் கலைத்துப் போடும் பொத்தான் தெரியாமல் அமுங்கியிருந்தால் பல்லவி முடிந்து ஒரு துக்கடா வரும், பிறகு தானம் வரும். கட்டணமில்லாச் சேவை என்றால், ஆலாபனை மேல்ஸ்தாயியில் நின்று இறங்கி முடிந்து, பாட்டு தொடங்கும் அந்த இடைவெளியில் ஒரு விளம்பரம் கத்தும். ஆலாபனை எழுப்பிய இராகம் அந்த அரை நிமிடத்தில் காதைவிட்டுப் போய்விடுகிறது. குறுந்தகட்டிலும் தடங்கள் பிரிக்கப்பட்டிருந்தன என்பது உண்மை. ஆனால் தகட்டைப் போட்டால் அது தொடங்கியபடியே தொடர்ந்து போகும், நாமாக வலிந்து குலைத்தால் ஒழிய.

ஒலியளவைச் சமப்படுத்தும் அமைப்பையும் அணைத்து வையுங்கள். தடங்களைக் கலைத்துக் கேட்கும்போது அது ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒரே உரப்புக்குக் கொண்டுவர முயல்கிறது. அமைதியான ஆலாபனையை உயர்த்தும், தனி ஆவர்த்தனத்தைத் தாழ்த்தும். கச்சேரியின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும்.

இந்த மண்ணின் பாடகர் ராம்நாட் கிருஷ்ணன் அவர்களையே எடுத்துக்கொள்வோம் (1918–1973). உரக்கப் பாடாதவர், மெதுவான விளம்ப காலத்தில் சிறு சிறு அசைவுகளால் இராகத்தைக் கட்டுபவர். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நான்சச் நிறுவனம் அவர் பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. அந்தத் தட்டில் பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களும் ஒவ்வோர் உருப்படியைப் பற்றிய விளக்கமும் அச்சாகி வந்தன. தம்பூரா என்றாலே என்னவென்று அறியாத நாட்டுக்காரர்களுக்கு அவ்வளவு சொல்லத் தோன்றியிருக்கிறது. இன்று அவர் பெயரோடு சேர்ந்த இந்த மண்ணில் அதே பாட்டைக் கைப்பேசியில் கேட்பவருக்கு ஒரு சிறு சதுரப் படமும் ஒரு வரிப் பெயரும்தான் கிடைக்கின்றன.

கீழக்கரை எழுதியது:

அம்மா எழுதியதில் மறுப்பதற்கு அதிகம் இல்லை. ஆனால் இரண்டு சொல்ல வேண்டும். முதலாவது, இந்தக் குறை ஸ்ட்ரீமிங் என்ற வழியின் குறை அன்று. விவரத்தை ஏற்றாமல் விட்ட நிறுவனங்களின் அசட்டை. எல்லாக் குறுந்தகடுகளும் ஒழுங்காக இருந்தன என்றும் சொல்ல முடியாது. பக்கவாத்தியக்காரர்களை "வயலின் மற்றும் குழுவினர்" என்று முடித்துவிட்ட தகடுகள் என்னிடமே உண்டு. இரண்டாவது, இந்தக் கடற்கரையில் குறுந்தகட்டுக் காலத்திலும் எத்தனை பேரால் வாங்க முடிந்தது? தகடு வேண்டுமென்றால் மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டும். இன்று ஏர்வாடியில் இருக்கும் ஒரு பையன் பைசா செலவில்லாமல் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தைக் கேட்கிறான். இந்த ஒன்றுக்காகவே நான் பல குறைகளைப் பொறுத்துக்கொள்வேன்.

தொண்டி வாய்ப்பாட்டு ஆசிரியை எழுதியது:

அண்ணனின் இரண்டாவது கருத்துக்கு என்னிடம் பதில் இல்லை, அது சரியே.

அந்தப் பையன் கேட்பது எந்தச் சுருதியில் என்பது மட்டும் என் கவலை. இரசிகர்கள் தாங்களாகவே இணையத்தில் ஏற்றிய பழைய பதிவுகள் பலவற்றில், ஒலிநாடா ஓடிய வேகம் சரியாக இல்லை. வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும்; ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரையில் பாடியதாகக் கேட்கும். சுருதி மட்டுமா ஏறுகிறது? காலப்பிரமாணமும் சேர்ந்து ஓடும், கமகத்தின் அசைவு வேகமாகும், குரல் இளைத்துச் சற்றே மூக்கால் வரும். விளம்பத்தில் அமைந்த ஒரு பைரவி இராகப் பாட்டு இதனால் நடுவேகமான மத்திமகாலம் போல ஆகி, மாணவர்கள் அதையே குருவழி வந்த பாடாந்தரம் என்று எண்ணிப் பயிற்சி செய்துகொண்டு வருகிறார்கள். பொறுப்பான நிறுவனம் வெளியிட்ட தகட்டில், மூல நாடாவைக் கையாளத் தெரிந்த ஒருவர் பெரும்பாலும் இதைச் சரிபார்த்திருப்பார். நிறுவனங்கள் தாங்களே செயலியில் ஏற்றியிருக்கும் தொகுப்புகளுக்கும் இது பொருந்தும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி தகடா செயலியா என்பது அன்று; இந்தப் பதிவை மூலத்திலிருந்து மாற்றியவர் யார் என்பது.

பாம்பன் எழுதியது:

வணக்கம். நான் இந்த இழையில் வயதில் சிறியவன். அண்ணனோடு படகுக்குப் போகிறேன், மிருதங்கமும் கற்றுக்கொள்கிறேன். எனக்கு ஒரு நடைமுறைச் சந்தேகம். கரையிலிருந்து சிறிது தூரம் போனதும் சிக்னல் அறுந்துவிடுகிறது. தனுஷ்கோடிப் பக்கம் என்றால் கைப்பேசி இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று செய்தி அனுப்புகிறது. அந்த நேரம் தரவை அணைத்து வைக்காவிட்டால் கட்டணம் பயமுறுத்தும். செயலியில் முன்கூட்டியே இறக்கி வைத்தால் போதும் என்கிறார்கள். அப்படி இறக்கியது நம்முடையதாகிவிடுமா?

கீழக்கரை எழுதியது:

ஆகாது தம்பி. இறக்கிய கோப்பு பூட்டிய கோப்பு; அந்தச் செயலி மட்டுமே அதைத் திறக்கும். குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை இணையத்தோடு இணைத்துச் சந்தா உயிரோடு இருப்பதைக் காட்டவும் வேண்டும். கடலுக்குப் போகுமுன் கரையிலேயே வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள். 320 கிலோபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 144 மெகாபைட் ஆகும். சுருக்காத குறுந்தகட்டுத் தரம் என்றால் 635 மெகாபைட்; இழப்பற்ற சுருக்கத்தில் அது ஏறத்தாழ பாதியாகக் குறையும்.

சாயல்குடி எழுதியது:

பாம்பன் தம்பியின் கேள்விதான் இந்த இழையிலேயே முதன்மையானது என்று நினைக்கிறேன். செயலியில் நாம் வைத்திருப்பது பதிவு அன்று, பதிவைக் கேட்கும் அனுமதி. நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் முடிந்தால் ஒரு தொகுப்பு காலையில் சாம்பல் நிறமாகிவிடும், தட்டினால் திறக்காது. செயலியே போய்விடுவதும் உண்டு. விங்க் மியூசிக் 2024இல் மூடப்பட்டது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் ரெஸ்ஸோவும் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. மறுபுறம், தகடு விற்ற மியூசிக் வேர்ல்ட் 2013லேயே கதவடைத்தது. கடைகள் இரு பக்கமும் மூடத்தான் செய்யும். ஆனால் கடை மூடிய பிறகு நம் வீட்டுத் தகடு பாடுகிறது.

சேதுக்கரை ஐயாவிடம் இருப்பவற்றை நான் மூன்று வகையாகப் பார்க்கிறேன். பெரிய நிறுவனங்கள் வெளியிட்ட புகழ்பெற்ற பதிவுகள் செயலியில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். சிறிய வெளியீட்டாளர்கள் மார்கழிக் கச்சேரிகளை நேரடியாகப் பதிந்து இரண்டு மூன்று தகடுகளாக வெளியிட்டவற்றில் சில இருக்கின்றன, பல இல்லை. ஒவ்வொன்றாகத் தேடித்தான் பார்க்க வேண்டும். வானொலியிலிருந்து பிடித்தவை அநேகமாக வேறு எங்குமே இருக்காது. ஆகாசவாணியின் ஆவணக் காப்பகத்திலிருந்து, அதை நடத்தும் பிரசார் பாரதி சில பதிவுகளைத் தகடுகளாக வெளியிட்டது. ஆனால் ஒலிபரப்பானவற்றோடு ஒப்பிட்டால் அவை கொஞ்சமே. இந்தக் கடைசி வகையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்வதற்கு மனம் வரவில்லை.

பிரதி எடுக்கும் முறை எளிது. மடிக்கணினிகளில் இப்போது தகடு போடும் இடம் இல்லை. யூஎஸ்பியில் இணைக்கும் வெளி டிரைவ் ஒன்று வாங்கினால் போதும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள், ஐயம் வரும் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, எந்த இடத்தில் பிழை நீங்கவில்லை என்பதையும் எழுதிக் காட்டும். கோப்பை ஃபிளாக் வடிவில் வையுங்கள். அது சுருக்கும், ஆனால் எதையும் இழக்காது. நிறைந்த ஒரு தகடு 400 மெகாபைட் அளவில் அடங்கும். 128 ஜிபி அட்டை ஒன்றில் முந்நூறு தகடுகள் வரை வைக்கலாம். பாம்பன் தம்பியும் இதைக் கடலுக்குக் கொண்டுபோகலாம், எந்த நாட்டுச் சிக்னலும் தேவையில்லை.

சட்டம் தடுக்குமா என்று சிலர் தயங்குவார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலை மீறலாகக் கருதுவதில்லை. ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டை அடுத்துத் தொடங்கி 60 ஆண்டுகள். வீட்டில் கேட்க எடுத்த பிரதியை இணையத்தில் ஏற்றிப் பரப்பாதீர்கள். அது வேறு கணக்கு.

சேதுக்கரை வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கீழக்கரை நண்பர் சொன்னபடி கைப்பேசியைக் கம்பியால் ஆம்பிளிஃபயரில் இணைத்து, உயர்தரத்தில் வைத்துக் கேட்டேன். தம்பூரா திரும்பி வந்தது. ஒலியைப் பொறுத்தவரை மகன் பக்கம் தீர்ப்பு எழுதுகிறேன்.

ஆனால் அதன் பிறகு செய்த சோதனையில் எனக்கு வேறு விடை கிடைத்தது. தகட்டுத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கச்சேரியாகச் செயலியில் தேடினேன். அரியக்குடி, செம்மங்குடி, எம்.எஸ்., பட்டம்மாள் ஆகியோரின் நிறுவன வெளியீடுகள் ஏறத்தாழ எல்லாம் கிடைத்தன. பாடகர் டி.என். சேஷகோபாலன் அவர்களின் நேரடிக் கச்சேரிகளில் என்னிடம் உள்ள சில கிடைக்கவில்லை. அவர் நம் இராமநாதபுரம் சி.எஸ். சங்கரசிவம் அவர்களின் மாணவர் என்பதால் அவற்றின் மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு. சங்கரசிவத்தின் தம்பி முருகபூபதி அவர்கள் மிருதங்கம் வாசித்த வானொலிக் கச்சேரிகள், எதிர்பார்த்தபடியே, எங்கும் இல்லை. முருகபூபதி என்று தேடினால் வேறு யார் யாரோ வருகிறார்கள். பக்கவாத்தியக்காரர் பெயரே செயலியில் இல்லை என்று தொண்டி அம்மா சொன்னதன் கனம் அப்போதுதான் உறைத்தது. பாடகர் பூச்சி சீனிவாச ஐயங்கார் இருந்த சமஸ்தானம் இது. அவரிடம் கற்ற அரியக்குடி அமைத்த கச்சேரி முறையைத்தான் இன்று எல்லா மேடையிலும் பாடுகிறார்கள். அந்த ஊரின் மிருதங்கத்தைத் தேட ஒரு கட்டம் இல்லை!

மண்டபம் நண்பர் சொன்னபடி தகடுகளை ஜன்னலில் பிடித்தும் பார்த்தேன். கடையில் வாங்கியவை பெரும்பாலும் தெளிவாக இருக்கின்றன. கடல் பக்கத்து ஜன்னலை ஒட்டிய வரிசையில் இருந்தவற்றில் மட்டும் ஓரத்தில் மூடுபனி போன்ற வளையம். சிடி-ஆர் தகடுகளில் சிலவற்றின் நீலம் வெளிறிப் பச்சையாகத் தெரிகிறது. இவற்றை எந்த வரிசையில் பிரதி எடுப்பது, கோப்புக்கு எப்படிப் பெயரிடுவது என்று தொண்டி அம்மாவும் சாயல்குடி நண்பரும் வழி சொல்ல வேண்டும்.

தொண்டி வாய்ப்பாட்டு ஆசிரியை எழுதியது:

வெளிறிய சிடி-ஆர்களில், முருகபூபதி அவர்கள் வாசித்தவற்றில் தொடங்குங்கள், ஐயா. பிறகு செயலியில் கிடைக்காத மார்கழிக் கச்சேரிகள். மற்றவற்றுக்கு அவசரம் இல்லை.

கோப்பின் பெயரில் பாடகர், ஆண்டு, இடம், உருப்படி, இராகம், தாளம் என்ற ஒரே வரிசையை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதினால் காம்போதிக்கு ஒரே எழுத்துதான். பக்கவாத்தியக்காரர்களைத் தவறாமல் எழுதுங்கள். ஃபிளாக் கோப்பின் உள்ளேயே அதற்கு இடம் இருக்கிறது. தகட்டுத் தாள்களை இரு பக்கமும் படமெடுத்து அதே கோப்புறையில் வையுங்கள். வானொலிப் பதிவுகளின் தொடக்கத்தில் அறிவிப்பாளர் பெயர்களைச் சொல்லியிருப்பார். அதை வெட்டிவிடாதீர்கள், அந்தப் பதிவுக்கு அதுதான் உறைத்தாள். எந்த நாடாவிலிருந்து வந்தது என்பது உங்கள் நண்பருக்கு நினைவிருந்தால் அதையும் குறித்து வையுங்கள். சுருதி ஐயமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்தப் பாடகர் வழக்கமாகப் பாடும் கட்டையோடு ஒப்பிட்டு, வேகம் கூடியிருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் மூலப் பிரதியைத் திருத்தாமல் வைத்துவிட்டு, திருத்தியதைத் தனிக் கோப்பாக வையுங்கள்.

சாயல்குடி எழுதியது:

அம்மா சொன்னதோடு ஒன்று மட்டும். பிரதியை இரண்டு இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று கடற்கரையை விட்டுத் தள்ளி இருக்கட்டும். மகன் வெளியூரில் இருந்தால் அவரிடமே ஒரு ஹார்டு டிஸ்கைக் கொடுத்துவிடுங்கள். படிக்க மறுக்கும் சிடி-ஆரை வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று எடுப்பது உண்டு. மிகக் குறைந்த வேகத்தில் படிக்கச் சொல்லியும் முயலலாம்.

மண்டபம் ரேடியோ கடை எழுதியது:

ஐயா, பிளேயரைக் கடைக்குக் கொண்டுவரும்போது சுத்தமான கடைத் தகடு ஒன்றும், வெளிறிய சிடி-ஆர் ஒன்றும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். முதல் தகட்டைப் படித்து இரண்டாவதைப் படிக்காவிட்டால் லேசர் இன்னும் பிழைத்திருக்கிறது, சுத்தம் செய்தாலே போதுமானதாக இருக்கலாம். சுத்தம் செய்த பிறகும் இரண்டையுமே படிக்காவிட்டால் ரிச்சி தெருவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும். அதுவரை பீரோவை அந்த ஜன்னலிலிருந்து உள்சுவருக்கு நகர்த்தி, தட்டுக்கு இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள். பொட்டலத்தின் மணிகள் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். அந்த வாணலியில் பிறகு சமைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்துவிடுங்கள்.